நாலாவது போல்ட்

ஜனவரி 6

கிரீஸுக்கு,

போன் பண்ணாதே. நேற்று நாலு முறை கூப்பிட்டிருந்தாய், பார்த்தேன், எடுக்கவில்லை. பேசினால் நீ ஏதாவது ஜோக் அடிப்பாய், நான் சிரித்துத் தொலைப்பேன், கேட்க வந்ததைக் கேட்காமலே விட்டுவிடுவேன். மூன்றரை வருஷம் ஒரே அறையில் உன்னோடு இருந்ததில் இது தெரியும். எழுது. எழுதினது கையில் இருக்கும்.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொல்லி விசாரணைக் கமிட்டி கேட்டிருக்கிறது. கொடுக்கப் போவது இதுதான். தப்பு இருந்தால் சொல்.

மெக்கானிக்கல் இறுதியாண்டில் நானும் நீயும் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட், மரத்தூளை அமுக்கி எரிகட்டியாக்கும் சின்ன ஹைட்ராலிக் பிரஸ். கணக்கும் டிராயிங்கும் நான். சாமான் வாங்கியது, பொருத்தியது, பச்சை பெயின்ட் அடித்தது நீ. ஐந்து டன் அமுக்கத்துக்கு வடிவமைத்தேன். மேல் தகட்டை நாலு போல்ட் பிடித்திருந்தன. டிசம்பர் 14, சனிக்கிழமை மதியம் சோதனை ஓட்டம். முதல் தடவை ஒரு டன், ஒன்றும் ஆகவில்லை. அடுத்தது ஒன்றரை. மூன்றாம் தடவை முள் இரண்டு டன்னைத் தொட்டதும் பின்பக்க இடது மூலையில் இருந்த போல்ட் அறுந்தது. தகடு ஒரு பக்கமாக எகிறியது. அழுத்தமானியைத் திருப்பி வைக்கக் கை நீட்டியிருந்த ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டரின் வலது கை மாட்டிக்கொண்டது.

நம் மைக்ரான் அண்ணன் என்று எழுதவில்லை. தலைமுடியைக்கூட அளந்து பார்த்துத்தான் வெட்டிக்கொள்வார் என்று எனக்கு ஸ்கேல், உனக்கு கிரீஸ் போல நாம் அவருக்கும் பெயர் வைத்தது கமிட்டிக்கு எதற்கு? அவர் போட்ட சத்தத்தையும் எழுதவில்லை.

சரிபார்ப்பு ஷீட்டில் 'வடிவமைத்தவர்', 'சரிபார்த்தவர்' இரண்டு கட்டத்திலும் என் கையெழுத்து. அதனால் கணக்கில்தான் பிழை என்று முடிவுகட்டி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 'விசாரணை முடியும் வரை' என்கிறார்கள். நீ அங்கேயே வகுப்புக்குப் போகிறாய்.

வந்த நாளிலிருந்து அந்தக் கணக்கை மூன்று தரம் போட்டுவிட்டேன். ஒரு தரம் நேராக, ஒரு தரம் பின்னாலிருந்து, ஒரு தரம் வேறு புத்தகத்து முறையில். ஒவ்வொரு போல்ட்டும் தன் பங்குக்கு வருவதைப் போல நாலு மடங்கு தாங்க வேண்டும். பாதிகூட வராத பாரத்தில் அறுந்திருக்கிறது. கணக்கு சரியென்றால் போல்ட் தப்பு. போல்ட் வாங்கியது நீ.

எங்கே வாங்கினாய்? அதை மட்டும் எழுது.

ஸ்கேல்

*

ஜனவரி 13

ஸ்கேலு,

அம்மாடி, என்ன கடுதாசி இது! போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து வந்த மாதிரி இருக்கு. உறையைப் பிரிச்சதும் கை தானா பின்னாடி போயிடுச்சு, விலங்கு மாட்டறவங்களுக்கு வசதியா.

நீ இல்லாம ரூம் ரூமாவே இல்லைடி. உன் கட்டில்ல என் அழுக்குத் துணி ஏறி உக்காந்திருக்கு. வகுப்புல அறுபது பசங்களுக்கு நடுவுல நான் ஒருத்தி மட்டும் பொண்ணு. உன் இடத்துல பையை வச்சுக்கறேன். ஒருத்தனும் உன்னைப் பத்திக் கேக்கறதில்லை, என்னைப் பாத்தா பேச்சை நிறுத்திடறாங்க.

மைக்ரான் அண்ணன் ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்துட்டார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. மீதி பொழைச்சுக்கும்னு டாக்டர் சொன்னாராம். நான் போய்ப் பாத்தேன். 'என்னம்மா, நல்லா படிக்கறியா'ன்னு கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

போல்ட்டு கடையில வாங்கினதுதான், வேற எங்க வாங்குவாங்க? மார்க்கெட் ரோட்டு ஹார்டுவேர் கடை. நீ டிராயிங்ல எழுதின அதே அளவு. உடைஞ்ச துண்டை நான் கண்ணாலகூடப் பாக்கலை, துறைத்தலைவர் வந்த உடனே கவர்ல போட்டு இரும்பு பீரோவுல பூட்டிட்டார். அவர்கிட்ட போய்க் கேளு.

தப்பா நினைச்சுக்காதே, உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன். கணக்குல ஒரு இடத்துல ஒரு புள்ளி தள்ளிப் போச்சுன்னு ஒத்துக்கிட்டா விஷயம் ஒரு செமஸ்டரோட முடிஞ்சிடும். பெரிய பெரிய ஆளுங்களுக்கே புள்ளி தள்ளிப் போகுது.

எங்கப்பா தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லாம சொல்லிட்டார், பம்பு கம்பெனியில எனக்கு வேலை கிடைச்சதை. தான் ஓட்டற ஸ்கூல் பஸ்ஸை வழியில நிறுத்தி நிறுத்திச் சொல்லிருக்கார். உள்ள இருந்த புள்ளைங்க எல்லாம் அன்னைக்கு லேட்டு.

உடம்பைப் பாத்துக்கோ.

உன் கிரீஸ்

*

ஜனவரி 20

கிரீஸுக்கு,

'புள்ளி தள்ளிப் போச்சு' என்று ஒத்துக்கொள்ளச் சொல்கிறாய். முதல் வருஷம் தெர்மோ பரீட்சையில் எனக்கு அரை மார்க் குறைந்தது என்று மூன்று நாள் என்னோடு ஆபீஸ் வாசலில் நின்றவள் நீ. 'நீ தப்பாப் போட்டிருக்க மாட்டே' என்று சண்டை போட்டாய். இப்போது ஒரு வரிகூட யோசிக்காமல் புள்ளி தள்ளிப் போனது என்கிறாய். எனக்கு இது இடிக்கிறது.

இங்கே வீட்டில் எல்லோருக்கும் படிப்பு லீவு என்று சொல்லியிருக்கிறேன். அம்மா நம்பிவிட்டாள். அண்ணி நம்பவில்லை. காய் நறுக்கிக்கொண்டே, 'லீவுன்னா பையில புக்கு இருக்கணுமே, உன் பையில துணிதானே இருக்கு' என்றாள். பையை எப்போது திறந்து பார்த்தாள் என்று தெரியவில்லை. இப்போது பூட்டி வைக்கிறேன். பூட்டியதைப் பார்த்ததும் இன்னும் சந்தேகப்படுகிறாள்.

சில விஷயம் கேட்க வேண்டும். கடை ரசீது இருக்கிறதா? போல்ட் தலையில் உறுதித் தரத்தைக் காட்டும் 8.8 என்ற எண் பொறித்திருக்க வேண்டும் என டிராயிங்கில் கோடு போட்டு எழுதியிருந்தேன், நாலிலும் அது இருந்ததா? நீ பெயின்ட் அடித்தபோது தலைகளையும் சேர்த்து ஏன் அடித்தாய்?

பீரோவில் இருக்கிற துண்டை யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் வருஷம் படித்தோமே, புது போல்ட் ஒரே இழுப்பில் அறுந்தால் அறுந்த முகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். நாள்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து உள்ளுக்குள்ளே விரிசல் விட்டுக்கொண்டே வந்த போல்ட் என்றால் அந்த முகத்தில் சிப்பி ஓட்டில் இருப்பதுபோல் வரி வரியாக இருக்கும். நம் பிரஸ் மொத்தமே மூன்று தடவைதான் ஓடியது. வரி இருந்தால் அந்த போல்ட் நம் பிரஸ்ஸுக்கு வருவதற்கு முன்னால் வேறெங்கோ வேலை பார்த்திருக்கிறது.

ஆய்வு செய்யச் சொல்லி கமிட்டிக்கு எழுதியிருக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

ஸ்கேல்

*

ஜனவரி 30

இத பாரு,

கமிட்டிக்கு எழுதிட்டு என்கிட்ட 'தெரிந்திருக்கட்டும்'னு சொல்றது என்ன பழக்கம்? என் கடுதாசியை எல்லாம் அடுக்கி வச்சிருக்கியா? போன்ல பேசாதே எழுதுன்னு சொன்னப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. எழுதினது கையில இருக்கும்னு நீயே சொன்னே. யார்கிட்ட காட்டறதுக்கு?

ரசீதைத் தேடினேன், கிடைக்கலை. போல்ட்டுத் தலையையும் சேர்த்து அடிச்சேன், ஆமா. மெஷினுக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஒவ்வொரு தலையா துணி கட்டிக்கிட்டு அடிப்பாங்களா? அழகா இருக்கட்டும்னு அடிச்சேன். நீகூட 'கிளி மாதிரி இருக்கு'ன்னு சொன்னே.

நீ சொல்ற சிப்பி ஓடு கதையெல்லாம் புஸ்தகத்துல படிக்க நல்லாருக்கும். முக்கால்வாசி கறுத்துப்போய் ஓரத்துல மட்டும் பிறை மாதிரி பளபளன்னு இருக்கறதை வச்சு ஒரு போல்ட்டோட ஜாதகத்தையே எழுதிட முடியுமா? எண்ணெய் பட்டாக்கூடத்தான் கறுக்கும்.

இவ்வளவு கேக்கறியே, நான் ஒண்ணு கேக்கறேன். அன்னைக்குக் காலையில நீ லேபுக்கு வந்தியா? வரலை. கேன்டீன்ல உக்காந்து செமினார் படம் ஒட்டிக்கிட்டிருந்தே. சரிபார்ப்பு ஷீட்டை நான்தான் அங்க தூக்கிட்டு வந்தேன். ஒரு கையில டீ டம்ளர், ஒரு கையில பேனா. பன்னண்டு இடத்துல டிக் அடிச்சுக் கையெழுத்து போட்டே. ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? மதியானம் ஓட்டம் நடந்தப்பவும் நோட்டும் கையுமா பத்தடி தள்ளித்தான் நின்னே. கமிட்டிக்குக் கொடுத்த கடுதாசியில அதை எழுதினியா? எனக்கு அனுப்பின பிரதியில அந்த இடமே காணோமே.

நான் இதை யார்கிட்டயும் சொல்லலை. சொல்லியிருக்கலாம்.

கி.

*

பிப்ரவரி 5

கிரீஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

ஜனவரி 13ஆம் தேதி எழுதியதில், உடைந்த துண்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். ஜனவரி 30ஆம் தேதி எழுதியதில், முக்கால்வாசி கறுப்பு, ஓரத்தில் பிறை மாதிரி பளபளப்பு என்று சொல்லியிருக்கிறீர்கள். இரண்டும் உங்கள் கையெழுத்து. ஆமாம், அடுக்கித்தான் வைத்திருக்கிறேன்.

கறுப்பு என்றுகூட ஊகித்துவிடலாம். பிறை என்று யாரும் ஊகிக்க மாட்டார்கள்.

கமிட்டியிலிருந்து எனக்குப் பதில் வந்துவிட்டது. 'பிழை வடிவமைப்பில் என்பது தெளிவாக இருப்பதால் ஆய்வு தேவையில்லை.' அந்தக் கவரை அவர்கள் பிரிக்கக்கூட இல்லை என்று நினைக்கிறேன். பிரிக்காத கவருக்குள் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

சரிபார்ப்பு ஷீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது வேறு விஷயம்.

ஸ்கேல்

*

பிப்ரவரி 24

கிரீஸ்,

பத்தொன்பது நாளாகப் பதில் இல்லை. அதனால் நானே கிளம்பி வந்தேன். வந்தது உனக்குத் தெரியும். வியாழக்கிழமை நூலகத்துக்கு எதிரே பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நீ என்னைப் பார்த்தாய். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தாய். உன் செருப்புக்கு வார் கிடையாது.

உன்னைத் தேடி வரவில்லை. மைக்ரான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். 'நீதான் கணக்கு போட்ட பொண்ணா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே விடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நின்றார். அண்ணன்தான் உள்ளேயிருந்து, 'வரட்டும்' என்றார்.

ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து இடது கையால் பேர் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையுடையதுபோல் நாலு கோடு நோட்டு. நான் என்ன பேசுவதென்று தெரியாமல் கணக்கைப் பற்றியே பேசினேன். மூன்று முறை போட்டுப் பார்த்ததை, நாலு மடங்கு தாங்கும் என்பதை. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: 'ரெண்டு பேரும் தனித்தனியா வர்றீங்க. நீ வந்தா கணக்கு சொல்றே. அவ வந்தா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறா. மூணு தடவை வந்துட்டா. ஒவ்வொரு தடவையும் என்னமோ சொல்ல வாயைத் திறக்கறா, அப்புறம் பழத்தை வச்சிட்டு ஓடிடறா. வீட்டுல திங்க ஆளில்லாம பழம் அழுகுது. என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா யாராவது ஒருத்தி சொல்லித் தொலைங்கம்மா.'

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நானும் ஒன்றைச் சொல்லாமல்தான் உட்கார்ந்திருந்தேன். கேன்டீன். டீ. பன்னிரண்டு டிக். உனக்கு 'வேறு விஷயம்' என்று எழுதினேனே, அது வேறு விஷயம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

நீ மூன்று தடவை எதைச் சொல்ல வாயைத் திறந்தாய்?

ஸ்கேல்

*

மார்ச் 3

ஸ்கேலு,

இதோட ஒரு பொட்டலம் வரும். பதிவுத் தபால். உங்க அண்ணி கையில கிடைக்காம நீயே வாங்கிக்கோ.

உள்ள இருக்கறது அந்த போல்ட்டோட தலைப்பக்கம். பீரோவுல இருக்கறது நட்டுப்பக்கம் மட்டும்தான். மைக்ரான் அண்ணனை எல்லாரும் தூக்கிக்கிட்டு ஓடினப்போ நான் பின்னாடி நின்னுட்டேன், ஞாபகம் இருக்கா? லேத்துக்கு அடியில உருண்டு கிடந்துச்சு. எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். ஏன் எடுத்தேன்னு அப்ப கேட்டிருந்தா பதில் தெரியாது. என் கை தானா அதுகிட்ட போச்சு, எடுத்தேன்.

இப்ப கேளு. கடையில அந்த அளவுல, 8.8 பொறிச்சது மூணுதான் இருந்துச்சு. நாலாவது திங்கக்கிழமை வரும்னான். ஓட்டம் சனிக்கிழமை. தள்ளிப்போட்டா உன் செமினார் தேதி போகும், அடுத்த வாரம் பம்பு கம்பெனிக்காரங்க ப்ராஜெக்ட்டைப் பாக்க வர்றப்போ பிரஸ் நிக்கணும்னு பாத்தேன், கடைசியில அவங்க அதைப் பாக்காமலே வேலை கொடுத்துட்டாங்க. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாடி பழைய மெஷின் எல்லாம் கிடக்குமே, அங்க மண்ணு சலிக்கிற அதிர்வு சல்லடை ஒண்ணு இருக்கு. அதுல அதே தடிமன்ல போல்ட் இருந்துச்சு. கழட்டினேன். மண்ணெண்ணெய்ல ஊறவச்சுக் கழுவினதும் புதுசு மாதிரிதான் இருந்துச்சு. தலையில என்ன பொறிச்சிருக்குன்னு பாக்கலை. பாத்தா வேணாம்னு தோணிடுமோன்னுதான் பாக்கலைன்னு நினைக்கறேன். ஒண்ணுதானேன்னு மாட்டினேன். அப்புறம் நாலு தலைக்கும் பச்சை அடிச்சேன். அழகுக்கு இல்லை.

சல்லடைன்னா நாள் பூரா குலுங்கற மெஷின். எத்தனை வருஷம் குலுங்கிச்சோ. சிப்பி ஓடுன்னு நீ எழுதினதைப் படிச்சிட்டுப் பையிலேர்ந்து எடுத்துப் பாத்தேன். வரி வரியா இருந்துச்சுடி. எண்ணிப் பாக்க ஆரம்பிச்சு விட்டுட்டேன்.

ஏன் சொல்லலைன்னு கேப்பே. முதல் நாள் யாராவது கேப்பாங்கன்னு காத்துக்கிட்டு நின்னேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், சத்தியமா. ஒருத்தரும் என்னைக் கேக்கலை. உன்னைத்தான் கூப்பிட்டாங்க. ரெண்டாவது நாள் கேக்காம இருந்தா நல்லதுன்னு தோணிச்சு. மூணாவது நாள் கேட்டா என்ன பொய் சொல்லலாம்னு யோசிச்சேன். அப்பா பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சொல்றதையும் கேட்டுக்கிட்டே இருந்தேன்.

இன்னொண்ணு இருக்கு, எழுதறதுக்கே கூசுது. அந்தப் பழைய போல்ட் அரைக்கால் இன்ச் குட்டை. மத்த மூணும் நட்டுக்கு மேல ரெண்டு புரி நீட்டிக்கிட்டு நின்னுச்சு, இது மட்டும் நட்டோட சமமா நின்னுச்சு. நீ ஒரு தடவை குனிஞ்சு பாத்திருந்தா போதும், உன் கண்ணு விட்டிருக்காது. நீ பாக்காமலே டிக் அடிச்சே. 'அவ பாத்திருந்தா இது நடந்திருக்குமா'ன்னு நினைச்சு நினைச்சு உன் மேலயே கோபத்தை வளர்த்து வச்சுக்கிட்டேன். அது எனக்கு வசதியா இருந்துச்சு.

இப்ப போல்ட் உன் கையில. நீ என்ன வேணா பண்ணிக்கோ. நான் எதுவும் கேக்க மாட்டேன்.

கிரீஸ்

*

மார்ச் 9

கிரீஸுக்கு,

பொட்டலம் கிடைத்தது. வாசலில் அண்ணிதான் நின்றாள். 'கல்லா, இரும்பா? இந்தக் கனம் கனக்குது' என்று கையில் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

முதலில் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். இது அந்த போல்ட்தானா என்று தோன்றியது. சல்லடையில் இன்னும் எத்தனையோ போல்ட் இருக்கும், எனக்காக ஒன்றை அறுத்து அனுப்பியிருக்கலாமே என்று. அப்புறம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்த வரிகளை யாராலும் ஒரு வாரத்தில் செய்ய முடியாது. உன்னைப் பற்றி அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். அரை மணி நேரம் கழித்து, வெட்கப்பட நான் யார், நீயல்லவா படவேண்டும் என்று கோபம் வந்தது. இப்படியே மாறி மாறி ஒரு நாள் போனது.

அடுத்த நாள்தான் உன் கடைசி வரி உறைத்தது. 'நீ என்ன வேணா பண்ணிக்கோ.' நான் கொண்டு போய்க் கொடுத்தால் காட்டிக்கொடுத்தவள் நான். கொடுக்காவிட்டால் குற்றவாளியும் நான். இரண்டிலும் நீ சும்மா இருக்கலாம். மறுபடியும் வேலையை நீ பாதியில் வைத்துவிட்டு மீதியை என் பக்கம் தள்ளுகிறாய்.

அதனால் திருப்பி அனுப்புகிறேன். இதே பெட்டியில் இருக்கிறது.

இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கமிட்டி கடைசியாகக் கூடுகிறது. நான் வருகிறேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லப் போகிறேன். கேன்டீன், டீ, எல்லாவற்றையும். உன் பெயரையோ போல்ட்டைப் பற்றியோ என் வாயிலிருந்து வராது. அது நீ சொல்ல வேண்டியது. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

திருப்பி அனுப்பும் முன் அதை நாலு கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். உன் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை என்று எழுத வந்தது. நம்பிக்கை இல்லாமல்தான் எடுத்தேன்.

ஸ்கேல்

*

ஏப்ரல் 18

ஸ்கேலு,

வீட்டுலேர்ந்து எழுதறேன். நான் அன்னைக்குக் கமிட்டியில சொல்லி முடிச்சிட்டு வெளிய வந்தப்போ நீ மாடிப்படி இறங்கிக்கிட்டிருந்தே. கூப்பிட்டேன். காதுல விழுந்துச்சு, தோள் ஒரு மாதிரி நின்னுச்சு, அப்புறம் இறங்கிப் போயிட்டே.

உன்னை வெளிய அனுப்பின பிறகு உள்ள நடந்ததைக் கேட்டுக்கோ. துறைத்தலைவர் பீரோவைத் திறந்து கவரைக் கிழிச்சார். மூணு மாசமா யாரும் பிரிக்கலை, ஒட்டினது ஒட்டினபடியே இருந்துச்சு. ரெண்டு துண்டையும் வச்சுப் பாத்தாங்க. பல்லும் பல்லும் சேர்ற மாதிரி பொருந்திடுச்சு. அப்புறம் ஒரு சார், 'இதை முன்னாடியே பாத்திருக்கலாமே'ன்னு மெதுவா சொன்னார். யார் பாத்திருக்கணும்னு அவரும் சொல்லலை, யாரும் கேக்கலை.

எனக்கு ஒரு வருஷம் சஸ்பென்ஷன். உனக்கு எச்சரிக்கை, ஜூலையிலேர்ந்து சேந்துக்கலாம்னு உனக்கும் கடுதாசி வந்திருக்கும். பம்பு கம்பெனியிலேர்ந்து வேலை இல்லைன்னு ரெண்டே வரி வந்துச்சு. அப்பா அந்தத் தெரு வழியா பஸ்ஸை ஓட்டறதில்லை, சுத்திக்கிட்டுப் போறார். என்கிட்ட ஒரு நாள்கூட சத்தம் போடலை. சாப்பிடறப்போ மட்டும், 'கடைக்காரன் திங்கக்கிழமை தர்றேன்னுதானேம்மா சொன்னான்?'ன்னு கேட்டார். ஆமான்னேன். தட்டுல கையை வச்சபடியே உக்காந்திருந்தார்.

மைக்ரான் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை பழம் வாங்கிட்டுப் போகலை. அவர் வீட்டுக்காரம்மா என்னை அடிக்க வந்தாங்க, கையை ஓங்கினாங்க, ஓங்கின கையோட அப்படியே உக்காந்து அழுதுட்டாங்க. அண்ணன் 'போம்மா'ன்னார். கோபமா சொன்னாரா சாதாரணமா சொன்னாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

உன்கிட்ட ஒரே ஒரு கேள்வி. மன்னிச்சிட்டியான்னு கேக்க மாட்டேன், பயப்படாதே. நான் அன்னைக்கு வந்தப்போ மணி பத்து இருபத்தேழு. வராமலே இருந்திருந்தா? அந்தப் போட்டோவைக் காட்டியிருப்பியா? என் பேரைச் சொல்ல மாட்டேன்னு எழுதினியே, அது நிஜமா?

உண்மையை மட்டும் எழுது. நல்லா இருக்கணும்னு எழுதாதே.

கிரீஸ்

*

ஜூலை 27

கிரீஸுக்கு,

உன் கேள்விக்கு மூன்று மாசமாகப் பதில் எழுதாமல் இருந்தேன். அதிலேயே உனக்குப் பாதி தெரிந்திருக்கும்.

விடுதிக்குத் திரும்பிவிட்டேன். வேறு அறை. கூட இருப்பவள் முதலாம் வருஷம், நான் இருமினால்கூட எழுந்து நிற்கிறாள். மைக்ரான் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறார். லேத் பக்கம் போவதில்லை, ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் போய் என் பங்கைச் சொன்னேன். 'நீயுமா?' என்றார். அவ்வளவுதான். சாமான் கேட்டு யார் போனாலும் சீட்டில் இருப்பதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்கிறார். எனக்கு மட்டும் மூன்று தரம்.

உன் கேள்விக்கு வருகிறேன். கமிட்டி அறையில் எனக்கு நேராகச் சுவரில் கடிகாரம் இருந்தது. போன் மேஜைக்கு அடியில் என் கையில். படம் திறந்தபடி. திரை அணையும்போதெல்லாம் கட்டை விரலால் தொட்டுத் தொட்டு எரிய வைத்துக்கொண்டே இருந்தேன். என் பங்கைச் சொல்லி முடித்தபோது பத்து பதினைந்து. 'வேறு ஏதாவது?' என்று கேட்டார்கள். சொல்கிறேன், கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றேன். தாகம் இல்லை. தண்ணீர் வரும்வரை அவர்கள் என் கணக்குத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பத்தரை வரை பார்ப்பது, அதற்கு மேல் காட்டிவிடுவது என்று வைத்திருந்தேன்.

பெயரைச் சொல்ல மாட்டேன் என்று உனக்கு எழுதியபோது நிஜமாகத்தான் எழுதினேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அது நிஜமாக இல்லை. உண்மை கேட்டாய், இதுதான். படித்த பிறகும் எழுதத் தோன்றினால் எழுது. தோன்றாவிட்டால் எனக்குப் புரியும்.

ஸ்கேல்

*

ஆகஸ்ட் 4

ஸ்கேலு,

படிச்சேன். முதல்ல கடுதாசியைக் கசக்கிப் போட்டேன். அப்புறம் எடுத்து நீவி விட்டுட்டு இதை எழுதறேன்.

நீ உண்மை சொன்னதால நானும் சொல்லணும். நான் அன்னைக்கு லேட்டா வரலை. பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்பவே வந்துட்டேன். கதவுக்கு வெளிய பெஞ்சு இருக்கே, அதுல உக்காந்திருந்தேன், போல்ட்டு மடியில. கதவு சரியா சாத்தலை. நீ பேசினது ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு. டீ டம்ளரைக்கூட விடாம சொன்னே.

நான் எதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா? என் பேர் உன் வாயிலேர்ந்து வருதான்னு. வந்திருந்தா அந்த நிமிஷமே எழுந்து வீட்டுக்குப் பஸ் ஏறியிருப்பேன். அவளே சொல்லிட்டா, இனிமே நான் எதுக்குன்னு. போற வழியில எங்கயாவது ஆத்துல போல்ட்டைத் தூக்கிப் போட்டிருப்பேன். உன் போட்டோவைப் பாத்து, 'இது எங்கேர்ந்தோ எடுத்த படம், எனக்குத் தெரியாது'ன்னுகூடச் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்டி, என்னை எனக்குத் தெரியும்.

'வேறு ஏதாவது?'ன்னு அவங்க கேட்டதும் கேட்டுச்சு. நீ தண்ணி கேட்டதும் கேட்டுச்சு. இதோ சொல்லப் போறா, இதோ சொல்லப் போறான்னு பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டேன். பன்னண்டு நிமிஷம் அப்படியே நின்னேன். நீ வாயே திறக்கலை. அப்புறம்தான் உள்ள வந்தேன், பத்து இருபத்தேழுக்கு.

கதவுக்கு அந்தப் பக்கம் நீ கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு, இந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கிட்டு. எப்பேர்ப்பட்ட சிநேகிதிங்க நாம!

மூணே நிமிஷத்துல தப்பிச்சிருக்கோம், ஸ்கேலு.

கிரீஸ்